2024-25ஆம் ஆண்டிற்கான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு விதிப்படி கூடியது. கொடியேற்றம், பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம் ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

இவ்வாண்டின் பெரும் பகுதி எல்லைத் தெரு விவகாரத்திலேயே கழிந்தது. கிழக்கு வரிசை வீடுகள் மாநகராட்சிக்கும் மேற்கு வரிசை வீடுகள் ஊராட்சிக்கும் வரி கட்டுகின்றன. நடுவிலுள்ள சாலையும் தெற்கே ஏரிக்கு இறங்கும் வாய்க்காலும் எவருடைய பணி மதிப்பீட்டிலும் ஏறாமல் கிடந்தன. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் கடைசி வீட்டோடு நிற்பதால், அதற்கு மேல் வரும் தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியிலும் மேற்கு வரிசைக்குள் புகுகிறது. கேட்டால், இரு அலுவலகங்களும் அது அடுத்தவர் எல்லை என்று எழுத்திலேயே பதில் தந்தன.

முந்தைய மனுக்கள் எல்லாம் 'எங்கள் தெருவைக் கவனியுங்கள்' என்ற வேண்டுகோளாக மட்டும் இருந்ததால்தான் பலன் தரவில்லை என்பது என் கருத்து. உள்ளாட்சி எல்லைக்கு அடிப்படை வருவாய்க் கிராமமும் புல எண்ணும். அவற்றின் வரைபடங்கள் நில அளவைத் துறையின் பொறுப்பில் உள்ளன. எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (புல எண் வாரியான நில விவரப் பதிவேடு) ஆகியவற்றின் நகல்களைப் பெற்றோம். சாலைப் புறம்போக்கு முழு அகலத்திற்கும் ஊராட்சி இருக்கும் கிராமத்திலும், வாய்க்கால் புறம்போக்கு மாநகராட்சிப் பக்கத்துக் கிராமத்திலும் வருவது அப்போதுதான் தெளிவானது. இதைக் காட்டிக் கேட்ட பிறகே இரு தரப்பு நில அளவர்களும் சேர்ந்து கூட்டு அளவை செய்தனர். பல முறை போட்ட தார் அடுக்குகளுக்குக் கீழே புதைந்திருந்த, எல்லைகள் கூடும் இடத்தைக் காட்டும் முச்சந்திக் கல் அன்று கிடைத்தது. அளவை வரைபடத்தில் இரு தரப்பும் கையொப்பமிட்டன.

கையொப்பம் ஆனாலும் பணம் ஒதுக்கப்படவில்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, இப்போது தனி அலுவலர் நிர்வாகம் நடப்பதும் தாமதத்திற்கு ஒரு காரணம்.

மேற்கு வரிசையை மாநகராட்சியோடு இணைத்துவிட்டால் போதும் என்று சில உறுப்பினர்கள் சொல்கின்றனர். சொத்து வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்று மற்றவர்கள் அஞ்சுகின்றனர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்துச் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்த பிறகும், அப்படிச் சேர்ந்த கொசஸ்தலையாறு, கோவளம் வடிநிலப் பகுதிகளில் வடிகால் பணி பல ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. இணைப்பினால் எல்லைக்கோடு நம் தெருவிலிருந்து வேறொரு தெருவுக்கு நகரும், அவ்வளவே. சாலையை ஊராட்சியும் வாய்க்காலை மாநகராட்சியும் ஏற்று, எழுத்துப்பூர்வ உடன்படிக்கை செய்துகொள்வதே நமக்கு விரைவான வழி என்று செயற்குழு கருதுகிறது.

கூட்டு அளவைக்கு வரவேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லியும், வாய்க்கால் ஓரத்து வீட்டுக்காரர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அளவர் கேட்டபோது தம் மதில் எதுவரை என்று காட்ட ஆளில்லாமல் இரண்டு இடங்களில் அளவை நின்றது. தண்ணீர் புகுந்த மறுநாள் சங்கம் என்ன செய்கிறது என்று கேட்பவர்களும் இவர்களே. மூன்று ஆண்டுச் சந்தா நிலுவை வைத்திருப்போர் பட்டியல் செயற்குழுவிடம் உள்ளது. பெயர்களை இங்கு வாசிக்க விரும்பவில்லை.

வரவு செலவில் நகல் கட்டணம், போக்குவரத்து, விழாச் செலவு ஆகியன போகச் சிறு தொகை கையிருப்பு உள்ளது. தணிக்கை செய்யப்பட்ட கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், கூட்டு அளவையன்று வெயிலில் உடன் நின்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்காக நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31உடன் மாற்ற முடியாதபடி முடக்கப்படுகின்றன. எல்லை மாற்றம் கோருவதானால் அதற்குள் கோரியாக வேண்டும். கோராவிடில் உடன்படிக்கையை மட்டுமே பற்றிக்கொள்ள வேண்டும். இரண்டில் எதுவென்று இன்றைய கூட்டமே தீர்மானிக்க வேண்டுகிறேன். எந்த முடிவானாலும் மனுவில் இரு வரிசையினரின் கையொப்பமும் தேவை. நகல் எடுக்கவும் அலைவதற்கும் சந்தாவைத் தவிர நமக்கு வேறு நிதி இல்லை. மனுவும் ரசீதுப் புத்தகமும் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன.

இங்ஙனம்,
செயலாளர்