தொட்டுப் பழகிய நான்கு நாட்கள்: ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும், பெற்றோர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளியின் தேசிய மாணவர் படைத் தரைப்படைப் பிரிவைச் சேர்ந்த 46 மாணவ மாணவியருக்கு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊருக்கு மேற்கே உள்ள கடற்கரையில் ஏற்பாடு செய்திருந்த நான்கு நாள் செய்முறைப் பயிற்சி நல்லபடியாக நிறைவுற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இப்படையின் இளையோர் பிரிவில் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகள் பயின்று 'ஏ' சான்றிதழ்த் தேர்வுக்கு அமர்கிறார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் பிள்ளைகள் கற்றதில் பெரும்பகுதி, மைதானத்தில் 'சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இயல்பாக நில்)' என்ற இந்திக் கட்டளைகளைக் கேட்டு நடந்ததும், நான் கரும்பலகையில் வரைந்த திசைகாட்டியைக் குறிப்பேட்டில் பார்த்து வரைந்ததுமே. அந்தக் குறை என்னுடையதும்தான். அதை நான்கு நாட்களில் மாற்றிக் கொடுத்தவர்களுக்கே இம்மடல்.

முதலில், துப்பாக்கி சுடும் தளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒவ்வொருவர் அருகிலும் படுத்துக்கொண்டு கற்பித்த ஹவில்தார்களுக்கு நன்றி. .22 ரைபிளைத் தோளில் எப்படிப் பதிப்பது, மூச்சைப் பாதி விட்டு எப்படி நிறுத்துவது, விசையை வெடுக்கென்று இழுக்காமல் எப்படி மெல்ல அழுத்துவது என்பதையெல்லாம் அவர்கள் ஒரு நாள் முழுவதும் குண்டில்லாமலேயே பழக்கிய பிறகுதான், 25 கஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஆளுக்கு 5 ரவுண்டு சுட அனுமதித்தார்கள். அதுவரை வகுப்பில் வாய் திறக்காத ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஐந்து துளைகளையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து வந்தாள். சுட்டு முடிந்ததும் காலித் தோட்டாக்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது. வெயிலில் அரை மணி நேரம் எல்லோரும் மண்ணைத் துழாவிக்கொண்டிருக்க, அது ஒரு சிறுவனின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் தெறித்து விழுந்து கிடந்தது. கணக்குச் சரியாகும்வரை ஒருவரும் தளத்தைவிட்டு நகரக்கூடாது என்ற விதியை இனி நான் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

கூடாரப் பயிற்சியில் எங்களைக் காப்பாற்றியவர்கள் மீனவச் சகோதரர்கள். அது ஆடி மாதக் கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, வீசிய காலம். நாங்கள் பயிற்சிக் கையேட்டின்படி அடித்த முளைகளையெல்லாம் கடற்கரை மணல் அரை மணி நேரத்தில் துப்பிவிட்டது. கூடாரம் ஒன்று பறந்துபோய் ஓடை என்னும் முள்மரத்தில் மாட்டிக்கொண்டது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, பனைமட்டைத் துண்டைக் கயிற்றின் நுனியில் குறுக்காகக் கட்டி, முழங்கை ஆழத்துக்கு மணலில் புதைத்து மேலே மிதித்துக் காட்டினார். இரவு முழுவதும் காற்று வீசியும் அந்தக் கூடாரங்கள் அசையவில்லை. உடனிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா, பாலைவனத்தில் தாங்களும் மணல் மூட்டையைப் புதைத்து இப்படித்தான் கட்டினோம் என்று சொல்ல, இருவரும் நெடுநேரம் முடிச்சுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அன்று அதிகம் கற்றது அந்தப் பேச்சிலிருந்துதான் என்பது என் எண்ணம்.

வரைபடப் பயிற்சியையும் அந்த சுபேதார் ஐயாவே நடத்தினார். 1:50,000 அளவு வரைபடத்தில் ஒவ்வொரு கட்டமும் தரையில் ஒரு கிலோமீட்டர் என்பதைச் சொல்லால் விளக்காமல், ஒரு கட்டத்தை நடக்கவைத்தே உணர்த்தினார். நகரும் மணல்மேட்டை அடையாளமாகக் கொள்ளாமல் கண்மாய்க் கரையையும் கோயில் கோபுரத்தையும் கொள்ள வேண்டும் என்பதும், வெயிலில் வெட்டவெளிக்கும் நீர்ப்பரப்புக்கும் அப்பால் இருப்பவை உள்ளதைவிடக் கிட்டத்தில் தெரியும் என்பதும் எனக்கே புதியவை. ஒரு குழு மட்டும் வழிதவறி உப்பளப் பக்கம் போய்விட்டது. கரையேற்றி வைத்த வள்ளத்தின் எஞ்சினுக்கும் நங்கூரத்துக்கும் இடையில் நின்று அவர்கள் கோணம் பார்த்திருக்கிறார்கள். இரும்பு, திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிட்டது. தேடிச்சென்று அவர்களை மோட்டார் சைக்கிளில் அழைத்துவந்த இளைஞர்கள் இருவருக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

குடிநீர் கொடுத்த ஜமாஅத்தார், மழை வந்தால் ஒதுங்கத் தம் மண்டபத்தைத் திறந்துவைத்த தேவாலயத்தார், கால் புண்களுக்கு மருந்திட்ட செவிலியர், முதல் நாள் பேசியபடி வண்டி வராதபோது தம் மினி லாரியை எடுத்துவந்த பெற்றோர், விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டிய பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் ஆகிய அனைவருக்கும் நன்றி. மணல் விழாத கஞ்சியை அந்தக் காற்றில் எப்படிக் காய்ச்சினார்கள் என்பது இன்னும் விளங்கவில்லை.

பெண் பிள்ளைகளை இரவு தங்க அனுப்பத் தயங்கி, நேரில் வந்து பார்த்துவிட்டுப் பின்னர் சம்மதித்த பெற்றோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய தயக்கம் நியாயமானதே. அதனால்தான் அம்மாக்கள் நால்வர் முகாமில் உடன் தங்கும் ஏற்பாடு அமைந்தது.

வரவு செலவுக் கணக்கு பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இரவல் வாங்கியவற்றில் நீலத் தார்ப்பாய் இரண்டும், பெரிய அலுமினியக் குண்டான் ஒன்றும் உரியவர் தெரியாமல் எங்கள் பொருள் அறையில் இருக்கின்றன. வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேசிய மாணவர் படைப் பொறுப்பாசிரியர்