டிரஸ்ட் பணத்தில் ஒரு இசைப்பதிவு: அக்காவுக்குக் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வாரம் அய்யாவின் நினைவு நாள். படையலுக்கு வருவேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைப் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். அய்யாவின் டிரஸ்ட் கூட்டத்தில் யார் கை தூக்கினார்கள், யார் தூக்கவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இதைப் படிக்க ஆள் இருக்கிறது. என் நிலையை மட்டும் சொல்லிவிடுகிறேன். புது இசையைப் பதிவு செய்யும் செலவை டிரஸ்ட் ஏற்கலாம் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

உங்கள் பேச்சை நடுவில் வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மூத்தவர் பேசும்போது அப்படிச் செய்திருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கணக்கில் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு நோட்டை மூடப் போனீர்கள். பணம் யார் கைக்குப் போகிறது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லோரும் டீ குடிக்க எழுந்திருப்பார்கள்.

பதிவு நடந்த தண்டையார்பேட்டை ஹாலுக்கு நீங்கள் வந்த அந்த மதியத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஏசியை நிறுத்தியாயிற்று, ஃபேனையும் நிறுத்தியாயிற்று. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நால்வரின் சட்டையும் முதுகோடு ஒட்டியிருந்தது. மெதுவான அந்தக் கடைசிப் பகுதி முடிந்து, வில் தந்தியை விட்டு விலகிய பிறகும் யாரும் அசையவில்லை. ஹாலின் எதிரொலி முழுதாக அடங்கி, அதற்கு மேலும் நாலைந்து விநாடி அமைதி பதிவாக வேண்டும். அது இல்லாமல் எடிட்டில் முடிவை ஒட்ட முடியாது. நீங்கள் முந்தானையை எடுத்துக் கையில் சுற்றி, வளையல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். ஒருவரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கண்டெய்னர் லாரி கியர் மாற்றியது.

"அந்தச் சத்தத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல எடுக்க முடியாதா?" என்று கேட்டீர்கள். அன்று சொல்ல நேரமில்லை, இப்போது சொல்கிறேன். லாரி உறுமல் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டினால் உறுமல் பெரும்பாலும் போய்விடும். ஆனால் செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். லாரியோடு சேர்ந்து செல்லோவின் உடம்பும் போய்விடும். திரும்ப வாசிப்பதைத் தவிர வழியில்லை. திரும்ப வாசிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஏசி நின்ற ஹாலில் சூடு ஏற ஏற தந்தி இளகும், சுருதி இறங்கும். ஒரு முறை வாசித்துப் பதிவதை டேக் என்பார்கள். மூன்றாவது டேக்கின் முதல் பாதியையும் ஏழாவது டேக்கின் மறு பாதியையும் ஒட்டினால் சேருமிடத்தில் காது கண்டுபிடித்துவிடும். அதனால்தான் டேக்குக்கு டேக் நிறுத்தி, ஏசி போட்டு, ஹாலைக் குளிரவைத்து, மறுபடி சுருதி சேர்த்தார்கள். நேரம் அங்கேதான் போயிற்று. யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது நீங்கள் சொன்னது: "மூணு மணி நேரத்துக்கு ஒம்போது நிமிஷம். இந்தக் காசுக்கு எத்தனை புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டலாம்?" கேட்க வேண்டிய கேள்விதான். நல்ல குழுவுக்கே மூன்று மணி நேர அமர்வில் பதினைந்து நிமிடம் தேறினால் பெரிது. யாரும் இதற்கு முன் வாசிக்காத இசைக்கு ஒன்பது நிமிடம் என்பது மோசமில்லை.

ஆனால் கூட்டத்தில் இதையே "பணக்காரங்க பொழுதுபோக்கு" என்று சொன்னீர்களே, அது வலித்தது. அந்த நால்வரையும் நேரில் பார்த்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் சுக்கு காபி கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, எப்படி அக்கா அப்படிச் சொன்னீர்கள்? வயோலா வாசித்தவர் பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். சினிமா ரெக்கார்டிங்குக்கு வரிசையாக வயலின்காரர்களை உட்காரவைத்த காலம் போய், கீபோர்டிலேயே தந்தி ஓசை வந்துவிட்ட பிறகு அவருக்குக் கல்யாண ரிசப்ஷன்தான் சோறு போடுகிறது. நால்வர் வாசித்த அந்த இசையை, அந்தக் குவார்டெட்டை, எழுதிய பையன் வியாசர்பாடி. சர்ச்சில் வயலின் கற்றவன். இதில் பணக்காரர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் மூடப் போன அந்த நோட்டின் மறுபக்கத்தில் இருந்தது இவர்களுடைய ஒத்திகைக் கூலி.

சந்தை இதற்குக் காசு தராது. இசை நன்றாக இருந்தாலும் தராது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1000 முறை கேட்கப்பட்டால்தான் ராயல்டி கணக்கிலேயே சேரும். 2024 முதல் இதுதான் விதி. முப்பது விநாடி ஓடினால் ஒரு முறை. மூன்று நிமிடக் குத்துப்பாட்டும் ஒன்று, ஒன்பது நிமிடக் குவார்டெட்டும் ஒன்று. இந்தக் கணக்கில் நீளமான, மெதுவான, பெயர் தெரியாத இசை எந்த நாளும் செலவை மீட்காது. 2025 மார்ச் 8 அன்று இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது நம் தெருவே பூரித்தது. அவருக்குப் பின்னால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பெயர் நின்றது. பெயர் இல்லாதவனுக்கு முதல் பதிவுதான் பெயர். அது இல்லாமல் வெளியூர்க் குழு எதுவும் அவன் ஸ்கோரை, அதாவது இசை எழுதிய தாளை, திறந்துகூடப் பார்க்காது.

வெளிநாட்டில் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் லூயிவில் ஆர்கெஸ்ட்ராவுக்கு 1953-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 4,00,000 டாலர் கொடுத்தது, புதிதாக எழுதச் சொல்லவும் எழுதியதைப் பதிவு செய்யவும். அடுத்த ஆண்டே இசையமைப்பாளர்கள் சேர்ந்து சி.ஆர்.ஐ. என்று தங்களுக்கென ஒரு ரெக்கார்டு நிறுவனம் தொடங்கினார்கள். 2003-இல் அது மூடப்பட்டது. ஆனால் பதிவுகள் குப்பைக்குப் போகவில்லை. லாப நோக்கில்லாத நியூ வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ் வாங்கிக்கொண்டு இன்றும் கிடைக்கச் செய்கிறது. இங்கிலாந்தில் 1989-இல் இசையமைப்பாளர் காலின் மேத்யூஸ் தொடங்கிய என்.எம்.சி. என்ற ரெக்கார்டு நிறுவனம் ஒரு பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளை. இறந்துபோன ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் இசை ஈட்டிய காசு, ஹோல்ஸ்ட் ஃபவுண்டேஷன் வழியாக, உயிரோடு இருப்பவர்களின் பதிவுக்குப் போனது. 2004 முடிவில் ஹோல்ஸ்டின் காப்புரிமை தீர்ந்தது. அந்த ஊற்று வற்றிய பிறகும் பதிவுகள் நிற்கவில்லை, மற்றவர்கள் நன்கொடை கொடுக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும், நம் மணலி இருக்கிறதே. முத்துசாமி தீட்சிதரின் அப்பா ராமசாமி தீட்சிதரை அழைத்து வைத்துக் காப்பாற்றியது மணலி முதலியார் குடும்பம். அந்த வீட்டுச் சின்னையா முதலியார்தான் முத்துசாமி தீட்சிதரைக் கோட்டைக்கு அழைத்துப் போய் ஆங்கிலேய பேண்டைக் கேட்க வைத்தார். மேலை மெட்டுகளில் அவர் அமைத்த நோட்டுஸ்வரங்கள் அப்படி வந்தவை. தம்பி பாலுசாமி தீட்சிதருக்கு ஐரோப்பிய ஆசிரியரை அமர்த்தி வயலின் சொல்லிக்கொடுக்க வைத்ததும் அவர்தான். அன்றைக்கு அதைவிட அந்நியமான, யாருக்கும் வேண்டாத இசை வேறு இருந்திருக்குமா? அந்தச் செலவையும் பசித்தவருக்குப் போட்டிருக்கலாம். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

தனி ஆள் சொந்தக் காசில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களில் நம் கிருதிகளை மேலைச் சுரக்குறியில் அச்சிடக் கிளம்பினார். பணமும் கரைந்தது, கண்பார்வையும் போயிற்று, வேலை பாதியில் நின்றது. அவர் தூண்டியதால் சுப்பராம தீட்சிதர் எழுதிய பெரும் தொகுப்பு 1904-இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவில் அச்சேறியது. அது இல்லையென்றால் தீட்சிதர் கிருதிகளில் எத்தனை நமக்கு வந்து சேர்ந்திருக்கும்?

கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையில் வீண் நிறைய நடக்கிறது, எனக்குத் தெரியும். ஐந்நூறு சிடி அடித்துப் பரணில் போடுவார்கள். அட்டைப்படத்துக்கும் வெளியீட்டு விழாவுக்கும் பாதிக் காசு போகும். ஸ்டூடியோ வாடகைக்குக் கேட்பார்கள், ஒத்திகைக்குக் கேட்க மாட்டார்கள். பிறகு மணிக்கணக்கில் வாடகை ஓடும் அறையில் உட்கார்ந்து பாட்டைக் கற்பார்கள். பதிவு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் நிபந்தனைகளை அதற்காகவே இறுக்கினோம். மேடையில் இரண்டு முறையாவது வாசிக்கப்பட்ட இசைக்கு மட்டும் பணம். ஒரு நாள் பதிவுக்கு நான்கு நாள் ஒத்திகைக் கூலி, வாசிப்பவர் வங்கிக் கணக்குக்கே நேராக. நூற்றுக்கு நாற்பது ஒத்திகை தொடங்கும்போது, நாற்பது பதிவு முடிந்த அன்று, மீதி இருபது கடைசிக் கோப்பு கைக்கு வந்த பிறகு. கோப்பு என்றால் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ், ஒலியைச் சுருக்காத வகை. எம்பி3 கொண்டுவந்தால் வாங்க மாட்டோம். மூன்று பிரதி, அதில் ஒன்று சென்னைக்கு வெளியே, ஏனென்றால் 2015 வெள்ளத்தை நாம் பார்த்திருக்கிறோம். கூடவே ஸ்கோர், நால்வரின் தனித்தனித் தாள்கள், எழுதியவரும் வாசித்தவர்களும் கையெழுத்திட்ட அனுமதி. இந்த அனுமதித் தாள் இல்லாமல் எத்தனையோ நல்ல பதிவுகள் வெளியே வர முடியாமல் கிடக்கின்றன.

விற்பனை கிடையாது, இலவசமாகத்தான் வெளியிடுவோம். "வித்தாலாவது கொஞ்சம் திரும்பி வருமே" என்றீர்கள். 'பொதுப் பயன்' என்ற வகையில் வரும் அறப்பணியில் வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரிவிலக்குக்கே ஆபத்து. சில்லறை வரவுக்காக அய்யாவின் டிரஸ்டை அந்த எல்லைக்கு அருகில்கூட நான் கொண்டுபோக மாட்டேன்.

இனி ஃபீஸ். அக்கா, இதில் உங்களை முழுதாக மறுக்க என்னால் முடியாது. எந்த ரூபாயையும் இன்னொரு இடத்துக்குத் திருப்பலாம், அது உண்மை. அதனால்தான் வைப்புநிதி வட்டியைத் தொடக் கூடாது என்று எழுதிவைத்தோம். அது முழுக்கப் பள்ளிக்கும் கண் சிகிச்சைக்கும்தான். பதிவுக்கென்று எழுதிக் கொடுத்தவர்களின் நன்கொடை மட்டும் பதிவுக்கு. அது போதவில்லை என்றால் அந்த ஆண்டு பதிவு இல்லை. ஒரு பிள்ளையின் ஃபீஸ் நின்று குவார்டெட் நடந்தால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். ஆனால் ஃபீஸ் கட்டிப் படிக்கவைத்த பிள்ளை நாளைக்கு ஒரு ஸ்கோர் எழுதிக்கொண்டு வந்து நின்றால், உனக்குச் சோறும் நோட்டும் மட்டும்தான் தருவோம், மற்றதை அண்ணா நகரில் போய்க் கேள் என்று சொல்லவும் எனக்கு மனசு வராது. அய்யா எழுதிய பத்திரத்தில் கல்வி, மருத்துவம், கலை என்று மூன்றும் இருக்கிறது. மூன்றாவதை அவர் தெரியாமல் எழுதினார் என்றா நினைக்கிறீர்கள்?

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நீங்கள் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். வங்கியில் இன்னும் உங்கள் கையெழுத்தும் என் கையெழுத்தும் சேர்ந்தால்தான் செக் செல்லும். இரண்டாவது தவணைக்கான நான்கு செக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். படையலன்று கவரில் கொண்டுவருவேன். கையெழுத்துப் போடுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் பெயரை நீக்கச் சொல்லும் கடிதத்தையாவது கொடுங்கள், நான் வருத்தப்பட்டாலும் வாங்கிக்கொள்கிறேன். இரண்டில் ஒன்றை அன்றே செய்துவிடுங்கள் அக்கா, வயோலாக்காரர் வீட்டு வாடகைக்குத் தேதி நெருங்குகிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி