பாதியில் நிற்கும் வேலைகள்

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு டிரான்ஸ்பர் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

உன் மேனேஜர் திடீரென்று லீன், லீன் என்கிறார், ஆளைக் குறைக்கத்தான் அடிபோடுகிறாரோ என்று எழுதியிருந்தாய். வேலையில் இருக்கும் வீணைக் களைவதுதான் லீன், அந்தப் பேரைச் சொல்லி ஆளைக் கழிக்கிறவர்களும் உண்டுதான். ஆனால் இந்த முறை பிறந்த டொயோட்டா கார் கம்பெனியில் இன்ஜினியர் தைச்சி ஓனோ விரட்டியது தேங்கிய சரக்கையும் வெட்டிக் காத்திருப்பையும். மேரி, டாம் பாப்பென்டீக் தம்பதி 2003-இல் இதை மென்பொருளுக்குப் பொருத்தி எழுதியபோது, வீண் என்று முதலில் சொன்னது பாதியில் நிற்கும் வேலையைத்தான். ஃபேக்டரியில் தேங்கினால் குடோன் நிரம்பி வழியும், முதலாளி கண்ணில் படும். நம் தொழிலில் அது எவன் லேப்டாப்பிலோ கிடக்கும், யாருக்கும் உறுத்தாது.

எங்கள் கதையைக் கேள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறோம் இல்லையா, வேலைகளை எழுதி வைக்கும் போர்டில் எப்போதும் 24 வேலை திறந்து கிடக்கும், வாரத்துக்கு முடிவது 4. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த கணக்குப்படி வகுத்துப் பார், ஒரு வேலை சராசரியாக 6 வாரம் உள்ளேயே கிடக்கும். சீட்டில் விவசாயி பேரைப் பெரிசாக்கிக் கொடுங்கள் என்று கடைக்காரர் கேட்டால் அதற்கும் அதே கதிதான், இத்தனைக்கும் ஆபீஸில் ஒருத்தரும் சும்மா இல்லை! இப்போது 8-க்கு மேல் திறக்கக் கூடாது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. முடிக்கிற வேகம் அப்படியே இருந்தாலே 2 வாரம்தான் ஆகும். கோட் எழுதுகிற பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று ஆரம்பத்தில் ஓனருக்குப் பொறுக்கவில்லை, அப்புறம் அவனே டெஸ்டிங் பக்கம் போய்க் கை கொடுக்கிறதைப் பார்த்து அடங்கிவிட்டார்.

இன்னொரு வீண், யாரும் கேட்காத ஃபீச்சர். கலர் கலராக கிராஃப் போட்டுக் கொடுத்தோம், எந்தக் கடையிலும் திறந்துகூடப் பார்க்கவில்லை. காலையில் அங்கே போய் நின்றால்தான் தெரிகிறது: தராசில் பூவைக் கொட்டி எடையைக் கத்துகிறார்கள், கணக்குப்பிள்ளை காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டுகிறார், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்றால் மல்லி விலை பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறிவிடுகிறது, அந்த விலையை மாற்ற அவர் மூன்று திரை தாண்ட வேண்டியிருந்தது. விலைக் கட்டத்தை முதல் திரைக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான், அதற்குக் கிடைத்த வரவேற்பு வேறு எதற்கும் கிடைத்ததில்லை.

நீ தறி ஓடும் செல்லூர்க்காரன், உனக்கு இது பிடிக்கும். டொயோட்டா குடும்பம் காருக்கு முன்னால் தறி செய்தவர்கள். சகிச்சி டொயோடாவின் 1924 தானியங்கித் தறி, இழை அறுந்தால் தானே நின்றுவிடும், பழுதான துணி மேலே ஓடாது. அதே வழக்கம்தான் நமக்கும்: கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் உடைந்தால் அதைச் சரிசெய்யும்வரை புதுக் கோட் சேர்க்காதே. சொல்ல எளிது, ரிலீஸ் தேதியை வாடிக்கையாளரிடம் ஏற்கனவே சொல்லிவிட்ட சேல்ஸ் ஆட்களிடம் இதை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரிய பாடு, எங்களாலேயே இன்னும் முழுசாக முடியவில்லை.

உன் மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்று தெரிய வேண்டுமானால், திறந்து கிடக்கும் வேலையைக் குறைப்போமா என்று கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று எழுது. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, கடைசியில் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து என்னைத் திட்டாதே.

அன்புடன்,
உன் மாப்ள