பி பெண்டருக்கு முன்பே அந்தக் கை இருந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டார்காரர் கிளாரன்ஸ் ஒயிட் பற்றி எழுதியிருந்தீர்கள். பாறசாலைப் பக்கத்தில் இருபது வருஷமாக சர்ச் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிற எனக்கு அந்தப் பெயரைத் தமிழ் அச்சில் பார்த்ததே சந்தோஷம். ஆனால் அவர் வாசிப்பு மாறியதற்கெல்லாம் 'பி பெண்டர்' கருவிதான் காரணம் என்று முடித்துவிட்டீர்களே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கருவி அபாரமானதுதான், சந்தேகமே இல்லை. டெலிகாஸ்டர் என்ற மின்சாரக் கிட்டாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் தோள்வாரோடு சேர்ந்த நெம்புகோல் இரண்டாம் தந்தியை (பி தந்தி) மட்டும் இழுத்து ஒரு முழு சுரம் ஏற்றிவிடும், மற்ற தந்திகள் அப்படியே நிற்கும், கேட்பவருக்கு, மிதியால் சுருதியை வழுக்கி ஏற்றுகிற பெடல் ஸ்டீல் கிட்டார் மாதிரி இருக்கும். 1967, 68 வாக்கில் டிரம்மர் ஜீன் பார்சன்ஸோடு சேர்ந்து ஒயிட் செய்தது. அதற்கு முன்னால், இடது கைக்கு வேலை இருப்பதால், தலைப்பக்கம் தந்தியை அழுத்தச் சொல்லி பார்சன்ஸ் கையைத்தான் இரவல் வாங்கினாராம். இதை நானும் ஒருநாள் ஒத்திகையில் செய்து பார்த்தேன். என் மாணவன் விரலில் தந்தி பதிந்து சிவந்ததுதான் மிச்சம், சுருதி பாதியிலேயே நின்றது, ஆல்டோ பாடுகிற அக்கா சிரித்தே விட்டார்.

சரி, 1964-க்கு வாருங்கள். ஒயிட் அப்போது வாசித்த கென்டக்கி கர்னல்ஸ் குழுவின் 'அப்பலாச்சியன் ஸ்விங்' இசைத்தட்டு கேட்டிருக்கிறீர்களா? மின்சாரமும் இல்லை, நெம்புகோலும் இல்லை, மரக் கிட்டாரும் ஒரு பிக்கும்தான். பாஞ்சோ, ஃபிடில் முன்னால் நிற்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையான ப்ளூகிராஸில் அதுவரை கிட்டார் பெரும்பாலும் பின்னால் நின்று தாளம் பிடிக்கும். டாக் வாட்சன் என்ற கிட்டார்காரரைக் கேட்டு உசுப்பேறிய இந்த இருபது வயதுப் பையன் ஒயிட் அதை ஃபிடிலுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்தான். வந்தவன் கொட்டித் தீர்க்கவில்லை, அதுதான் அழகு. அடி விழுந்த பிறகு சாவகாசமாக உள்ளே வருவான், நம்ம ஊர் அனாகத எடுப்பு மாதிரி. அடுத்த வரி வரும் என்று நாம் காத்திருக்கும்போது சும்மா இருப்பான்.

பிற்பாடு பேர்ட்ஸில் சத்தம் கூர்மையானது, தந்தி வழுக்கி ஏறியது, எல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தாமதமும் இடைவெளியும் அதே கையுடையவை, பெண்டர் அதற்கு ஒரு இழுப்பைக் கூட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். 1973-ல் மறுபடி ப்ளூகிராஸ் பக்கம் திரும்பினார். அந்த ஜூலையிலேயே, கச்சேரி முடிந்து சாமான் ஏற்றும்போது, குடித்துவிட்டு ஓட்டியவரின் கார் மோதி, 29 வயதில் போய்விட்டார்.

என்னிடம் படிக்கிற பிள்ளைகள் மூன்றாம் வாரமே சத்தத்தை மாற்றுகிற எஃபெக்ட்ஸ் பெடல் கேட்கிறார்கள். நான் அந்த 1964 பதிவில் ஒரு பாட்டைப் போட்டு, அவர் எத்தனை இடத்தில் வாசிக்காமல் விட்டார் என்று எண்ணச் சொல்வேன். போன வாரம் ஒருத்தன் ஏழு என்றான், ஒருத்தி ஒன்பது என்றாள். எனக்கு எட்டு வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாறசாலை