நிலம் இருக்கிறது, பொழுது எங்கே?

அன்பு நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். நீங்களும் அண்ணியாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் நாவலின் கையெழுத்துப் படி வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் முறை கதைக்காகப் படித்தேன். இரண்டாம் முறை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்றாம் முறை, சிரிக்காதீர்கள், தம்பியின் தோட்டத்துக்கு அதை எடுத்துச் சென்று, நான்கு இரவுகள் வெட்டவெளியில் கட்டிலைப் போட்டுப் படுத்து, பகலில் படித்ததை இரவில் வானத்தோடு ஒத்துப் பார்த்தேன். கண்புரை அறுவை முடிந்த பிறகு நட்சத்திரங்கள் எனக்கு மறுபடியும் புள்ளிகளாகத் தெரிகின்றன. கடந்த சில ஆண்டுகளாக அவை பஞ்சுத் துணுக்குகளாகவே இருந்தன. அந்தச் சந்தோஷமும் இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவல் நன்றாக வந்திருக்கிறது. வீடு என்று ஒன்று இல்லாமல் மந்தையோடு நடந்துகொண்டே இருக்கும் ஒரு குடும்பத்தை, அவர்கள்மேல் இரக்கப்படாமலும் அவர்களைத் துதி பாடாமலும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலம் அசலானது. கல்லும் முள்ளும் வறண்ட ஓடையும் காலில் படுகின்றன. ஆனால் அந்த நிலத்தின்மேல் பொழுது இல்லை. பகல் என்கிறீர்கள், இரவு என்கிறீர்கள், நிலா என்கிறீர்கள். எந்தப் பகல், இரவில் எத்தனையாவது நாழிகை, எத்தனையாம் நாள் நிலா என்று கேட்டால் உங்கள் கதையிடம் பதில் இல்லை. நம் திறனாய்வாளர்கள் திணை என்ற சொல்லைப் பேசிப் பேசித் தேய்த்துவிட்டதால் அதைக் கையில் எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பழைய இலக்கணக்காரர்கள் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் ஒன்றாகவே வைத்தார்கள் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. முல்லைக்குக் காடு மட்டும் போதவில்லை. கார்காலமும் மாலையும் வேண்டியிருந்தன. மேயப் போனவையெல்லாம் திரும்பி வருகிற அந்த வேளையில்தான், திரும்பி வராத ஒருவன் வீட்டிலிருப்பவளுக்கு உறைக்கிறான்.

இப்போது குற்றப்பத்திரிகை. நான்காம் அத்தியாயத்தில், பௌர்ணமி இரவில், நடுச்சாமத்தில் மூத்த பேரன் எழுந்து போகிறான். அப்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து முழுநிலா எழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுநிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும்; நடுச்சாமத்தில் வானத்தின் உச்சியை ஒட்டி நிற்கும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி எழுந்து, தேய்பிறை எட்டாம் நாளை ஒட்டித்தான் நடுச்சாமத்துக்கு வரும், அதுவும் பாதியாக. இதை வெறும் திருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்பிறைப் பாதிநிலாவாக மாற்றிப் பாருங்கள்: இரவின் முன்பாதி முழுவதும் இருட்டு. அந்த இருட்டில் பையன் எழுந்து போய்விடுகிறான். நாய்கூடக் குரைக்கவில்லை, அவன் அவர்களுடையவன் அல்லவா. பிறகு, அவன் வெகுதூரம் போய்விட்ட பிறகு, அந்தப் பாதிநிலா மெல்ல எழுந்து வெறும் படுக்கையைக் காட்டுகிறது. முழுநிலாவின் வெளிச்சத்தில் யாராலும் அந்தக் குடும்பத்தைவிட்டு ஓட முடியாது, நண்பரே. பெரியவர் பாதித் தூக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தாலே போதும்.

இளைய பேரன் ஆனி மாத முன்னிரவில் திருவாதிரையைத் தலைக்குமேல் கண்டு, "சிவப்பா இருக்கு பாரு" என்கிறான். ஆனியில் சூரியனே அந்தப் பக்கத்து வானத்தில் நிற்பதால் திருவாதிரை கண்ணில் படாது. நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி எழுகின்றன. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்தக் கணக்கில் மார்கழியில்தான் அது மாலையில் கிழக்கே எழும். ஆனால் பையனின் வசனத்தை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. அதே ஆனி இரவில் தென்கிழக்கே தேள் வடிவம் ஒன்று ஏறி நிற்கும், அதன் நடுவில் கேட்டை இருக்கும், அதுவும் சிவப்புதான். பெயரை மாற்றி, தலையைச் சற்றே திருப்பச் சொன்னால் போதும். இன்னொரு இடத்தில் விடிவெள்ளி நள்ளிரவில் மின்னுகிறது. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது என்பதால், மிஞ்சிப் போனால் விடிவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் அதைக் காணலாம். சினையாட்டுக்கு ஐந்து மாதம். நீங்கள் மூன்றரை மாதத்தில் ஈன வைத்துவிட்டீர்கள். இவையெல்லாம் பென்சிலில் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனவே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான என் கதை ஒன்றில், அந்திவேளையில் மூன்றாம் பிறை கிழக்கே உதித்தது. ஒரு வாசகர் அஞ்சலட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் ஊரில் சூரியன் எந்தப் பக்கம் மறையும்?" அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். இளம்பிறை, மறைந்த சூரியனைத் தொடர்ந்து மேற்கே இறங்கும் ஒன்று என்பது மேய்க்கிறவர்களின் குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வானத்தையே பார்த்திராத வாசகருக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று நீங்கள் கேட்கலாம். பாதி நியாயமான கேள்விதான். மனிதர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு விளக்கொளியின் காரணமாகப் பால்வீதி தெரிவதே இல்லை என்று 2016இல் வெளியான ஓர் உலக வரைபடம் கணக்கிட்டிருக்கிறது. வாசகர் கண்டுபிடிக்க மாட்டார், உண்மை. ஆனால் உங்கள் பெரியவர் கண்டுபிடித்துவிடுவார். தன் தலைக்குமேல் தவறான நிலாவை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் நடக்கிற ஆளாக அவரை நீங்கள் படைக்கவில்லையே.

இனி, நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் படித்த இடங்கள்.

மருமகள் கைக்குழந்தையை ஒவ்வோர் இரவும் மரத்தடிக்குத் தள்ளிப் படுக்கவைக்கிறாள். ஏன் என்று நீங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தோட்டத்தில் இரண்டாம் நாள் இரவு, கையெழுத்துப் படியின் ஒரு கட்டைக் கட்டிலின் தலைமாட்டிலும் மற்றொரு கட்டை மரத்தடித் திண்ணையிலும் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். விடிந்தபோது தலைமாட்டுத் தாள்கள் நனைந்து, ஓரங்கள் சுருண்டு, மேல்தாளின் மை ஊறியிருந்தது. திண்ணையில் இருந்தவை காய்ந்த சருகு போலக் கிடந்தன. மேகமில்லாத இரவில் தரையிலும் துணியிலும் தாளிலும் உள்ள சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது; குளிர்ந்த பொருளின்மேல் காற்றின் ஈரம் படிகிறது. மேலே ஒரு கிளை இருந்தால் அது வானத்தை மறைத்துக்கொள்வதால் அடியில் உள்ளவை அவ்வளவு குளிர்வதில்லை. பனி மேலிருந்து இறங்குகிறது என்றுதான் நாமெல்லாம் பேசுகிறோம்; உண்மையில் அது அந்தந்தப் பொருளின்மேலேயே உருவாகிறது. அந்தக் காலையில்தான் உங்கள் மருமகள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு விளங்கியது. தயவுசெய்து அதை விளக்கி ஒரு வரியும் சேர்த்துவிடாதீர்கள்.

சுவரில்லாத குடும்பம் எப்படிக் குடும்பமாக இருக்கிறது என்ற கேள்வியை உங்கள் நாவல் எழுப்புகிறது. அதை நீங்கள் இன்னும் துணிந்து தொடரலாம் என்பது என் எண்ணம். வீட்டுக்குள் நடக்கிற கதையில் கதவைச் சாத்தினால் ஓர் இரகசியம் உண்டாகிவிடும். உங்கள் மனிதர்களுக்குச் சாத்துவதற்குக் கதவில்லை. அவர்களுக்கு மறைப்பு என்று இருப்பது தூரமும் இருட்டும்தான். அதனால்தான் மந்தையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெரியவர் எழுந்து போகும்போதெல்லாம் அவர் அழப் போகிறார் என்பதை மருமகள் தெரிந்துவைத்திருக்கிறாள். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தேன். சண்டையும் அப்படித்தான். பகலில் அவர்கள் பத்துப் பதினைந்து முழ இடைவெளியில் நடக்கிறார்கள், கத்தித்தான் பேச வேண்டும், ஆகவே பேசுவதில்லை. இரவில் அடுத்தடுத்துப் படுத்து, எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசுகிறார்கள். 112ஆம் பக்கத்தில் மாமியாரும் மருமகளும் செத்துப்போனவனைப் பற்றி அப்படிப் பேசிக்கொள்கிறார்கள். யார் மேல் குற்றம் என்று இருவரும் இரண்டு பக்கங்களுக்குச் சொல்லித் தீர்த்த பிறகு, நீண்ட மௌனம். பிறகு கிழவி, "கம்பளிய இழுத்துப் போத்திக்கோ, பனி ஏறுது" என்கிறாள். இதைவிட நன்றாக நீங்கள் எங்கும் எழுதியதில்லை. நான் பொறாமைப்பட்டேன்.

நெருப்பைச் சுற்றி அவர்கள் உட்காரும் காட்சியில் மட்டும் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். பெரியவர் தணலைப் பார்த்தபடி கதை சொல்கிறார், சட்டென்று திரும்பி, தூரத்துப் புதரில் ஓநாயைக் காண்கிறார். நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். அவருக்கு அந்தப் பக்கம் கறுப்பு ஒன்றே தெரியும். காவல் இருப்பவர் நெருப்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அப்படியானால் அந்தக் குடும்பத்தில் முதுகைக் காட்டி உட்காருகிறவர் யார்? மருமகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் தணலில் முகம் சிவந்து கதை கேட்கும்போது அவள் ஒருத்தி மட்டும் இருட்டைப் பார்த்துக்கொண்டு, முதுகில் மட்டும் சூட்டை வாங்கிக்கொண்டு, காதால் கதையைக் கேட்கிறாள். ஓநாயைக் காண்பவளும் அவளே. அவள் யார் என்பதைச் சொல்ல நீங்கள் ஏழாம் அத்தியாயத்தில் செலவிட்ட மூன்று பக்கங்கள் அதன் பிறகு வேண்டியிருக்காது.

சின்னவனுக்கு ஒரு பரிசு தருகிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டுகளில் ஒரு வகை, நிலா இல்லாத இரவில் பால்வீதியின் வெளிச்சத்தை வைத்துத் திசை தவறாமல் போகிறது என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மந்தை இருக்கிற இடத்தில் சாணவண்டுக்குப் பஞ்சமில்லை. எட்டு வயதுப் பையன் குப்புறப் படுத்து வண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் போன திசையை யாரும் அவனிடம் சொல்லவில்லை. பையனுக்கு இந்த ஆராய்ச்சி தெரிந்திருக்கக் கூடாது. உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பதால் அதற்குள் புத்தகம் வெளிவந்தாக வேண்டும் என்று பதிப்பாளர் அவசரப்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது அவர் தொழில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு மாதமாவது, அமாவாசையிலிருந்து அமாவாசை வரை, தினமும் இரவில் மூன்று முறை வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பேன். நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கொரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேளையில் பெரியவருக்கு என்ன தெரிகிறது, சின்னவனுக்கு என்ன தெரிகிறது என்று. அண்ணியார் திட்டினால் நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள்; என்மேல் அவருக்கு ஏற்கெனவே இருக்கிற வருத்தத்தோடு இதுவும் சேரட்டும்.

என் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலி மழைக்கு முன்பே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. பேத்தி என்னோடு இரண்டு இரவுகள் தோட்டத்துக்கு வந்திருந்தாள். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை தெரிகின்றன என்று கேட்டதற்கு நான் ஆறு என்றேன், அவள் எட்டு என்றாள். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

கையெழுத்துப் படியைப் பதிவஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். பனியில் நனைந்தது துரதிர்ஷ்டவசமாக அந்த 112ஆம் பக்கமேதான். கடைசி நான்கு வரிகளில் மை கலைந்துவிட்டது. கண்ணாடி போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, என் கையெழுத்தில் தனித்தாளில் படியெடுத்து அந்தப் பக்கத்தோடு குத்தி வைத்திருக்கிறேன். "போத்திக்கோ" என்பதை "போர்த்திக்கொள்" என்று திருத்தவில்லை. அது நீங்கள் எழுதியபடியே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்