கறிவேப்பிலைச் செடியில் ஒரு கிளையை விட்டுக்கொடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உங்கள் கொல்லையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கொழுந்து விட்டிருக்கும். நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் அந்தக் கொழுந்தில் வரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களை நாள்தோறும் பார்த்து எழுதப் போகிறார்கள். "பள்ளிக்கூடத்தில் புழு வளர்க்கச் சொல்கிறார்களாமே" என்று சிலர் வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நல்லதுதான். அதற்கான பதில் இந்தக் கடிதம்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. செடியில் ஒரு கிளையைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். குழம்புக்குத் தாளிக்க மற்ற கிளைகளில் பறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கிளையில் மட்டும் இலை பறிக்க வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், புழுவைத் தட்டிவிட வேண்டாம்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டு உடம்பெல்லாம் தடித்துப்போனவர்கள் இந்த ஊரில் பலர் உண்டு. அந்தப் பூச்சியைப் பிள்ளைகள் தொடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கறிவேப்பிலையில் வருவது வேறு. அதன் உடம்பில் அரிக்கும் முடி கிடையாது. கடிக்காது, கொட்டாது. சின்ன வயதில் கறுப்பும் வெள்ளையுமாகக் குருவி எச்சம் விழுந்து கிடப்பதாகவே தோன்றும். பறவைகளும் அப்படியே நம்பி விட்டுவிட்டுப் போகின்றன. கடைசி முறை தோல் உரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அந்தப் புழுவைச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்குப் போலப் பிளந்த சிவப்புக் கொம்பு ஒன்று சட்டென்று வெளியே வந்து, காட்டமான வாடை அடிக்கும். எறும்பை விரட்ட அதனிடம் உள்ள ஆயுதம் அவ்வளவுதான். பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம் என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாங்கள் சொன்னால் மாலை வரைக்கும்தான் நிற்கும்.

உங்கள் செடிக்கு வரக்கூடியவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று எலுமிச்சை அழகி: கறுப்பு இறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறகில் செங்கல் நிறப் பொட்டு. இன்னொன்று கறிவேப்பிலை அழகி. அதில் ஆண் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக ஒரு பட்டை போல ஓடும், கீழே வால் நீண்டிருக்கும். பெண்தான் பிள்ளைகளைக் குழப்பும். சில பெண்கள் ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, சிவப்பு உடம்புள்ள நச்சு வண்ணத்துப்பூச்சிகளின் இறகு நிறத்தைப் பூண்டிருக்கும். அந்த நச்சு வகைகள் ஆடுதின்னாப்பாளையிலும் பெருமருந்துக் கொடியிலும் வளர்பவை. செடியின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து, வண்ணத்துப்பூச்சியான பிறகும் தங்கிவிடும். ஒரு தடவை தின்று பட்ட பறவை அந்த நிறத்தைக் கண்டாலே ஒதுங்கும். நம் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சே கிடையாது, வேடம் மட்டும்தான். வேடமா அசலா என்று தெரிய உடம்பைப் பாருங்கள்: நச்சு வகைக்கு உடம்பும் சிவப்பு, இதற்குக் கறுப்பு. (அந்த இரண்டு கொடிகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பிள்ளைகள் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

முட்டையிலிருந்து இறகு விரியும் வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், குளிர்ந்த நாட்களில் இன்னும் நீளும். தாய்ப்பூச்சி கொழுந்தின்மேல் வந்து முன்கால்களால் படபடவென்று தட்டும். கால் நுனியில்தான் அதற்கு ருசி தெரியும். சரியான செடி என்று தெரிந்தால்தான் வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைக்கும். வெளிர்மஞ்சளாக, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உருண்டை. மூன்று நான்கு நாளில் பொரித்து வரும் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. பிறகு நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் உரிக்கும் முன் அசையாமல், தின்னாமல் கிடக்கும். "செத்துப்போச்சு" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால் ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பிடித்து இழுத்தால்தான் உண்மையிலேயே செத்துப்போகும்.

நன்றாகத் தின்று கொழுத்த புழு ஒரு நாள் நீர்நீராகக் கழித்துவிட்டு, இலையைத் தொடாமல் செடியை விட்டே இறங்கி நடக்கும். காணாமல் போய்விட்டதாக நினைப்பீர்கள். ஜன்னல் விளிம்பு, துணிக்கொடி, தொட்டியின் ஓரம் எல்லாம் தேடிப் பாருங்கள். பட்டு நூலால் வால் நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி இன்னொரு நூலைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். மறுநாள் தோல் உரிந்து கூட்டுப்புழுவாகிவிடும். பச்சைத் தண்டில் கட்டியது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ சுவரிலோ கட்டியது பழுப்பாகவும் இருக்கும். ஏன் இப்படி என்று பிள்ளை கேட்டால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அடுத்த கூட்டையும் பார்த்துவிட்டு அவர்களே எழுதட்டும். பத்து நாள் அளவில், பெரும்பாலும் காலை வேளையில், சுருங்கிய இறகோடு வெளியே வரும். தொங்கியபடி இறகை விரித்து உலர்த்த இடம் வேண்டும். கீழே செம்பழுப்பாகச் சில சொட்டு விழும், அது இரத்தம் அல்ல.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வளர்ப்பதை நான் விரும்பவில்லை. உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், இலை வதங்கும், வெளியே வரும்போது இறகு விரிக்க இடம் இருக்காது. செடியிலேயே இருப்பதுதான் நல்லது. குருவியும் ஓணானும் விடவில்லை என்றால் கிளைக்குக் கொசுவலைத் துணியைத் தளர்வாகக் கட்டுங்கள். வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் கிளையை வெட்டித் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்துங்கள், புட்டியின் வாயைப் பஞ்சால் அடைக்காவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கிவிடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே வேண்டாம். நாம் கழுவிச் சாப்பிடுகிறோம். புழு தின்ற மறுநாளே சுருண்டு கிடக்கும், அதில் ஒட்டியிருக்கும் மருந்து அப்படி.

எலுமிச்சை நாற்று வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் சிரிக்கக்கூடும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இளங்கன்றில் இரண்டு மூன்று புழு ஏறினால் இலையை மொட்டையடித்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கையால் எடுத்து, வரப்போரம் இருக்கும் பெரிய எலுமிச்சையிலோ நாரத்தையிலோ விட்டுவிடுங்கள். வளர்ந்த மரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

எல்லாப் புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆகாது. பெரும்பாலானவை ஆகாது என்பதுதான் உண்மை. எறும்பு தூக்கிப்போகும், சிலந்தி பிடிக்கும். சின்னஞ்சிறு குளவிகள் கூட்டுப்புழுவின் தோல் இறுகும் முன் அதற்குள் முட்டை வைத்துவிடும். பிறகு ஓர் ஓட்டை வழியாகக் குளவிகளாக வரும். பிள்ளைகள் இதைப் பார்த்து வருத்தப்படுவார்கள். படட்டும். தயவுசெய்து இரவோடு இரவாகப் பக்கத்து வீட்டுப் புழு ஒன்றைக் கொண்டுவந்து கிளையில் வைத்துவிடாதீர்கள். விடுமுறைப் பாடத்தில் உங்கள் கையெழுத்தை நாங்கள் கண்டுபிடிப்பது போலவே இதையும் கண்டுபிடித்துவிடுவோம். குளவி வந்த கதையை எழுதிய நோட்டும் எனக்கு முழு நோட்டுதான்.

நோட்டில் தேதி, புழுவின் நீளம், எந்த இலையை எவ்வளவு தின்றது, ஒரு படம். அவ்வளவு போதும். படத்தைப் பிள்ளையே போட வேண்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும். மதிப்பெண் இல்லை, பரிசு இல்லை, யார் வீட்டில் எத்தனை என்ற போட்டியும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் அனுப்புவது உங்கள் விருப்பம், அனுப்பாத பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது. வெளியே வரும் பூச்சிக்குத் தேன் வேண்டும், வாசலில் ஓர் இட்லிப்பூச் செடி இருந்தால் நல்லது.

தோட்டம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் இருக்கின்றன. வெயில் படும் இடத்தில் ஒரு தொட்டியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். இந்த ஆண்டு புழு வராமல் போகலாம். அந்தப் பிள்ளைகள் சுற்றுச்சுவர் ஓரம் உள்ள நெட்டிலிங்க மரத்தைப் பார்த்து எழுதட்டும், அதில் குட்டை வாலுள்ள வேறொரு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். கன்று வேண்டுவோர் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒரு பழைய சாக்குப் பையோடு வாருங்கள். மண்வெட்டி பள்ளியிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்