செயலாளரின் ஆண்டறிக்கை: பென்சில்வேனியா பிளின்ட்லாக் ரைஃபிள்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் சங்கத்தின் மதிப்பீட்டு மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர், பெர்க்ஸ், லெபனான் வட்டாரங்களின் நீண்ட ரைஃபிள்களே. எண்கோணக் குழல், சுருள் ரேகை மேப்பிள் கட்டை, வலப்புறம் குண்டைச் சுற்றும் துணித்துண்டு வைக்கப் பித்தளைப் பேட்ச் பெட்டி. வாக்குவாதம் மட்டும் வழக்கம்போல் லாக்கை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் விசையமைப்பைப் பற்றித்தான்: செய்த நாளிலிருந்தே தீக்கல் பொறியால் பற்றவைக்கும் பிளின்ட்லாக்கா, நடுவில் பெர்கஷனாக மாறித் திரும்பியதா?

சுத்தியல் அடித்ததும் வெடித்துப் பற்றவைக்கும் பெர்கஷன் மூடி பரவியபோது ஊர்ப் பட்டறைகளில் மருந்துக் கிண்ணத்தையும், தீக்கல் உரசும் எஃகுத் தகடான ஃப்ரிஸனையும் கழற்றினார்கள். குழலுக்குள் தீ செல்லும் தீத்துளையைப் பெரிதாக்கி, மரை வெட்டி, சிறு உருளையான டிரம்மும், மூடி மாட்டும் நிப்பிளும் திருகினார்கள். பிற்காலத்தில் விலைக்காக அதையே மறுபடி பிளின்ட்டாக்கினார்கள். ஆகவே லாக்கைக் கழற்றி, தகட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பழைய திருகுத் துளைகளை அடைத்த வட்டத் தடம் சாய்வெளிச்சத்தில் தெரியும். தீத்துளையைச் சுற்றிய ஒட்டும் அப்படித்தான். கரிமருந்தின் எச்சம் இரும்பை அரிக்கும். குழலின் அந்தப் பக்கம் குழி விழுந்திருக்க, கிண்ணம் மட்டும் வழவழவென்று இருந்தால் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை அல்ல. நேர்த்தியான மறுமாற்றத்தைச் சங்கம் ஒதுக்குவதில்லை. ஆனால் மதிப்பீட்டுச் சீட்டில் அது எழுதப்பட்டாக வேண்டும்.

லாக்கில் 'கெட்லண்ட்' என்று இருந்தால் அது இங்கிலாந்திலிருந்து வந்த லாக் என்றுதான் பொருள். துப்பாக்கி செய்தவர் பெயரைக் குழலின் மேல்பட்டையில், குறிபார்க்க உதவும் பின்குறிக்கு அருகே தேடுங்கள். ஜேக்கப் டிக்கர்ட் போன்ற பேர்பெற்றவர் பெயர் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். பூதக்கண்ணாடியில் எழுத்தின் பள்ளத்துக்குள் பாருங்கள். சுற்றிலும் பழுப்பேறி, பள்ளம் மட்டும் புதிதாக இருந்தால் பெயர் பின்னால் வந்தது.

செதுக்குவேலையிலும் இதே கதைதான். வெறும் கட்டையில் பிற்பாடு புடைப்புப் பூவேலை வேண்டுமானால் சுற்றியுள்ள மரத்தைச் சீவியாக வேண்டும். அப்போது பித்தளை மரமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மரம் காய்ந்து சுருங்குவதாலும் மயிரிழை உயரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பாதுகாப்பு குறித்து ஒரு கண்டிப்பு. மேசைக்கு வருமுன் மரக்குச்சியைக் குழலின் அடிவரை விட்டு, வாயருகே குறியிட்டு, வெளியே வைத்து அளக்க வேண்டும். குச்சியின் நுனி தீத்துளைக்கு ஓரங்குலத்துக்கும் மேல் முன்னாலேயே நின்றால், உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே கொள்க. ஈரம் படாத கரிமருந்து இரு நூற்றாண்டானாலும் எரியும்.

பித்தளையைத் துலக்கிப் பளபளக்க வைத்துக் கொண்டுவருவது இன்னும் நிற்கவில்லை. பல தலைமுறைப் பழுப்பு ஒரு மாலையில் போய்விடுகிறது, விலையும் கூடவே இறங்குகிறது. மெழுகு மெல்லியதாகப் பூசினால் போதும். திருகைக் கழற்ற, அதன் பள்ளத்துக்கு ஏற்றபடி நுனி தீட்டிய திருப்புளியையே பயன்படுத்துங்கள்.

1898 வரை செய்தவை 1968-ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டப்படி பழம்பொருள். மாநிலச் சட்டம் வேறுபடலாம். வெளிமாநிலத்தில் வாங்குவோர் விசாரித்துக்கொள்க.

வரவுசெலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மதிப்பீட்டுச் சீட்டில் 'லாக்கின் நிலை', 'குழல் வெட்டப்பட்டதா', 'மரம் சீவப்பட்டதா' என மூன்று கட்டங்களைச் சேர்க்கும் தீர்மானத்தைச் சபையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்